கோர் ஸ்விட்ச் ரீலோட்: கீழ போறப்ப ஒண்ணும் ஆகல, திரும்ப வர்றப்பதான் டிராஃபிக் அறுபடுது, ஏன்?

ராத்திரிரேக்:
வணக்கம் மக்களே. எங்க கம்பெனில ரெண்டு கோர் ஸ்விட்ச், எம்லாக் ஜோடியா (சர்வருக்கு ரெண்டும் ஒரே ஸ்விட்ச் மாதிரி தெரியும்) ஓடுது. மேல ஃபயர்வால் பக்கம் ஓஎஸ்பிஎஃப் (வழி சொல்ற ரூட்டிங் புரோட்டோகால்), கீழ சர்வரெல்லாம் எல்ஏசிபி பாண்டிங்ல (ரெண்டு கேபிள ஒண்ணா கட்டுறது) ரெண்டுலயும் சொருகியிருக்கு. போன ஞாயித்துக்கிழமை ராத்திரி 2 மணிக்கு முதல் ஸ்விட்ச்ல ஃபர்ம்வேர் ஏத்தி ரீலோட் போட்டேன். கீழ போறப்ப ரெண்டு பிங்தான் மிஸ் ஆச்சு, அட இவ்ளோதானான்னு டீ குடிக்க போயிட்டேன், திரும்பி வந்து பார்த்தா அது பூட் ஆகி மேல வர்ற நேரத்துல ஒரு 40 செகண்ட் பாதி சர்வர் பிங் ஆகுது பாதி ஆகல, லிங்க் லைட் மட்டும் எல்லாத்துலயும் ஜம்முனு பச்சையா எரியுது. நைட் ஷிஃப்ட் ஸ்டோர்ஸ்ல இருந்து ஈஆர்பி வெளிய தள்ளிடுச்சுன்னு ஃபோன் மேல ஃபோன். வர்ற ஞாயிறு ரெண்டாவது ஸ்விட்ச் பண்ணணும், என்ன பண்ணா தப்பிக்கலாம்?

கேபிள்சாமி:
அந்த பச்சை லைட்டுதான் உன்னை ஏமாத்துது தம்பி. ஸ்விட்ச் எழுந்த உடனே சர்வர் பக்கம் எல்ஏசிபி சேர்ந்துடுச்சு, பாண்டிங்கும் ஹாஷ் போட்டு (எது எந்த கேபிள்ல போகணும்னு கணக்கு) பாதி டிராஃபிக்க அந்தப் பக்கம் தள்ளிடுச்சு. ஆனா மேல ஓஎஸ்பிஎஃப் இன்னும் நெய்பரே பிடிக்கல, டீஃபால்ட் ரூட் இல்ல, வந்த பாக்கெட்டெல்லாம் நேரா குப்பைத்தொட்டி. பாதி ஓடுது பாதி ஓடலன்னு சொன்னியே, அது இந்த ஹாஷ்தான். எம்லாக் கான்ஃபிக்ல டிலே ரீஸ்டோர்னு ஒண்ணு இருக்கும் பாரு, ஸ்விட்ச் எழுந்தப்புறம் சர்வர் போர்ட்ட எவ்ளோ லேட்டா திறக்கணும்னு சொல்றது, நெக்சஸ் விபிசில (சிஸ்கோவோட எம்லாக்) டீஃபால்ட் 30 செகண்ட், ரூட் எல்லாம் ஏறுறதுக்கு அது பத்தாம போகலாம். நான் 240 வச்சிருக்கேன். ஜோடி ஸ்விட்ச்தான் வேலை பாத்துக்கிட்டு இருக்கே, இது லேட்டா வந்தா யாருக்கு என்ன நஷ்டம்?

பாக்கெட்பாண்டி:
சாமி சொல்றது சரிதான், ஆனா டைமர மட்டும் நம்பாதீங்க ப்ரோ. ரீலோட் அடிக்கிறதுக்கு முன்னாடியே டிராஃபிக்க வடிச்சுடுங்க. முதல்ல ஓஎஸ்பிஎஃப்ல மேக்ஸ்-மெட்ரிக் போடுங்க (இந்த வழி ரொம்ப காஸ்ட்லின்னு மத்தவங்களுக்கு சொல்றது), இன்க்ளூட்-ஸ்டப் சேர்த்து போடணும், இல்லன்னா பேசிவா இருக்கிற சர்வர் விலான் ரூட்டுங்க பழைய காஸ்ட்லயே நிக்கும், ஃபயர்வால் பாட்டுக்கு இங்கயே அனுப்பிட்டிருக்கும் (நான் ஒரு தடவ இதுல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்). ஓஎஸ்பிஎஃப்க்கு பதிலா பிஜிபி ரூட்டிங் இருந்தா கிரேஸ்ஃபுல் ஷட்டவுன், அதாவது ரூட்டுங்க மேல 65535:0 கம்யூனிட்டி (ஒரு டேக்). அப்புறம் சர்வர் போர்ட்டெல்லாம் ஷட் பண்ணிட்டு, கவுண்டர் அடங்குதான்னு பாத்துட்டு, அந்த ஷட்டோடயே சேவ் பண்ணி ரீலோட் போடுங்க. ஸ்விட்ச் வர்றப்ப போர்ட் மூடியே இருக்கும், ரூட்டிங் டேபிள் நிறைஞ்சதை கண்ணால பாத்துட்டு நீங்களே ஒவ்வொண்ணா திறக்கலாம். ரெண்டு ஸ்விட்ச்சையும் இணைக்கிற பியர் லிங்க்க மட்டும் தொடாதீங்க சாமி!!

இன்னொண்ணு, சில பெட்டில பூட் ஆகுறப்பவே லிங்க் மேல வந்துடும், உள்ள ஒண்ணும் ஃபார்வர்ட் ஆகாது. எல்ஏசிபி ஸ்லோல இருந்தா சர்வர் அதை கண்டுபிடிக்க 90 செகண்ட் எடுக்கும், ஃபாஸ்ட் வச்சா 3 செகண்ட்.

புதுசு2பிட்:
குறுக்க வர்றேன், ஜோடியே இல்லாத ஆக்சஸ் ஸ்விட்சுக்கு என்ன வழி? எங்க ஃப்ளோர்ல ஒண்ணே ஒண்ணு, 30 ஐபி ஃபோன் தொங்குது.

கேபிள்சாமி:
ஒத்த ஸ்விட்ச்னா டவுன்டைம் இருக்கத்தான் செய்யும், குறைக்கத்தான் முடியும். பெர்பெச்சுவல் பிஓஈ (நெட்வொர்க் கேபிள்லயே கரண்ட் குடுக்கறது) இருக்கிற மாடல்னா ஆன் பண்ணி வை, ஸ்விட்ச் ரீலோட் ஆகுறப்பவும் ஃபோனுக்கு கரண்ட் கட் ஆகாது, அதுங்க மறுபடி முதல்ல இருந்து பூட் ஆகுற நேரம் மிச்சம். ஃபோன் போர்ட்ல போர்ட்ஃபாஸ்ட் இருக்கான்னும் பாரு, இல்லன்னா பழைய எஸ்டிபில (லூப் வராம பாத்துக்கிறது) போர்ட் திறக்க 15ம் 15ம் 30 செகண்ட் சும்மா காத்துக்கிடக்கும். சோனிக்ங்கிற ஓப்பன் சோர்ஸ் ஸ்விட்ச் ஓஎஸ் ஓடுற பெட்டின்னா வார்ம் ரீபூட் இருக்கு, சாஃப்ட்வேர் மட்டும் மாறும், சிப்பு பாட்டுக்கு பாக்கெட்ட தள்ளிட்டே இருக்கும். நம்ம ஃப்ளோருக்கு யாரு அதை வாங்கித்தர்றா.

ராத்திரிரேக்:
அப்டேட். பாண்டி ப்ரோ சொன்ன வரிசைலயே ரெண்டாவது ஸ்விட்ச்ச முடிச்சாச்சு, டிலே ரீஸ்டோரும் 240 வச்சேன். போறப்ப ஒரு பிங் மிஸ், வர்றப்ப ஒண்ணுமே மிஸ் ஆகல, ஸ்டோர்ஸ்ல இருந்து ஒரு ஃபோன் கூட வரல. பேக்கப் சர்வர் மட்டும் ரீலோட் முடியிற வரைக்கும் ஆளே காணோம், பாண்டிங்லதானே இருக்குன்னு ரேக்குக்கு பின்னாடி போய் டார்ச் அடிச்சு பார்த்தா ரெண்டு கேபிளும் ஒரே ஸ்விட்ச்ல சொருகியிருக்கு. லேபிள்ல இருக்கிறது என் கையெழுத்துதான்.