டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தத்தின் ரா நிகழ்ச்சியில் முழுசாகப் பார்க்க வைத்த ஆட்டம் எது?

காட்பாடி ரசிகன்: செவ்வாய் காலை டீ ஆறுவதுகூடத் தெரியாமல் ரா பார்க்கிறேன், ஆனால் பாதி ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. பழசில் நல்லதாக ஒன்று சொல்லுங்கண்ணா.

சத்துவாச்சாரி: தம்பி, 2007 ஏப்ரல் 23, லண்டன். ஷான் மைக்கேல்ஸும் ஜான் சீனாவும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்! அவசரமே இல்லை, ஒவ்வொரு பிடியிலும் மூச்சு வாங்குவது தெரியும், கடைசியில் தாடையில் ஒரு உதை, மைக்கேல்ஸ் ஜெயித்தார்.

குடியாத்தம்: நீளம் மட்டும் போதாதுண்ணா. 1993 மே 17, ரேசர் ரமோனை ஒன் டூ த்ரீ கிட் என்ற வீரன் வீழ்த்தியது சில நிமிஷம்தான். அந்தப் பொடியன் ஜெயிப்பான் என்று யாருமே நினைக்கவில்லை. மேல்கயிற்றிலிருந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு ரமோன் மேல் விழுந்து, நடுவர் மூன்று எண்ணியதும் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

காட்பாடி ரசிகன்: சரிண்ணா, ஞாயிற்றுக்கிழமை ரெண்டையும் பார்த்துவிடுகிறேன்.