அப்பாவுக்கு பேலியேட்டிவ்னு எழுதிட்டாங்க, அப்போ இனிமே ஒண்ணுமே இல்லையா?

காசிமேடு பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பாவுக்கு 64 வயசு, ஹார்பர்ல லோடு வேலை பாத்தவரு. நுரையீரல் கேன்சர், நாலாவது ஸ்டேஜ், எலும்புக்கும் போயிடுச்சுன்னு ரெண்டு மாசம் முன்ன சொன்னாங்க. கீமோ மூணு ஏத்தியாச்சு. போன வாரம் டாக்டர் சீட்டுல பேலியேட்டிவ் ஓபிலயும் பாருங்கன்னு எழுதிட்டாரு, அதைக் கேட்டதுல இருந்து எங்க அத்தை, கை விட்டுட்டாங்கடா வேற ஆஸ்பத்திரி பாருடான்னு ஒரே அழுகை. வலிக்கு மார்பின்னு ஒரு மாத்திரையும் குடுத்திருக்காங்க. அதை ஆரம்பிச்சா அடிமையாயிடுவாங்க, சீக்கிரம் போய்டுவாங்கன்னு அக்கம்பக்கத்துல சொல்றதால, வலி தாங்காம கத்தும்போது மட்டும் ஒண்ணு குடுக்குறோம். ராத்திரி படுக்கவே மாட்றாரு, பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து எதிர்ல ஸ்டூல் மேல தலகாணி வச்சு அதுல சாஞ்சுக்கிறாரு, மூச்சு வாங்குதுன்றாரு. ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுக்கலாமா? இன்னொண்ணு, அவர்கிட்ட கேன்சர்னே நாங்க சொல்லல, நெஞ்சுல சளி கட்டியிருக்குன்னு சொல்லி வச்சிருக்கோம். சொல்லணுமா? அம்மா சரியா தூங்கி பல நாள் ஆகுது.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
தம்பி, நான் 14 வருஷமா நர்ஸு. முதல்ல அத்தைக்கு ஒரு விஷயம் சொல்லுங்க, பேலியேட்டிவ்ன்றது கீமோ முடிஞ்சு கை விரிச்சப்புறம் அனுப்புற எடம் இல்ல, கீமோ ஓடும்போதே வலி, மூச்சு, தூக்கம், பயம் எல்லாத்தையும் கூட சேர்ந்து பாக்குற எடம். அமெரிக்காவுல பாஸ்டன்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2010ல வந்துச்சு, உங்க அப்பா மாதிரியே நுரையீரல் கேன்சர் பரவினவங்க 151 பேரு. பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும், மீதிப் பேருக்கு அதோட ஆரம்பத்துல இருந்தே பேலியேட்டிவும். சேர்த்துப் பாத்தவங்களுக்கு மனசு உடைஞ்சு போறது குறைவா இருந்துச்சு, கடைசி நாள்ல கீமோ கீமோன்னு அலையறதும் குறைவு, அப்பவும் சராசரியா 11.6 மாசம் இருந்தாங்க, மத்தவங்க 8.9 மாசம். பின்னாடி வந்த எல்லா ஆராய்ச்சிலயும் ஆயுசு கூடினதா வரல, அதையும் சொல்லிடறேன், ஆனா இருக்கிற நாள் நல்லா இருக்குன்றது திரும்பத் திரும்ப வந்திருக்கு. உங்க டாக்டர் இப்பவே எழுதினது நல்லதுக்குத்தான்.

அடுத்து மார்பின். வலி வந்தா மட்டும் குடுக்குறது தான் தப்பு தம்பி, அந்தச் சாதா மாத்திரை வேலை செய்றது சுமார் நாலு மணி நேரம், வலி ஏறினப்புறம் குடுத்தா அதை எறக்கவே பாதி நேரம் போயிடும். அதனால தான் கடிகாரம் பாத்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு எழுதுவாங்க, காலைல 6, 10, 2, சாயங்காலம் 6, ராத்திரி 10. நடு ராத்திரி எழுப்ப வேணாம்னு 10 மணிக்கு ரெண்டா போடச் சொல்றதும் உண்டு, உங்க சீட்டுல எப்டி எழுதியிருக்குன்னு பாருங்க, நீங்களா கூட்டாதீங்க. டாக்டர் அளவு பாத்து குடுக்குறப்போ வலிக்காரங்க போதைக்கு அடிமையாகறது ரொம்ப அபூர்வம், அதனால உயிர் சீக்கிரம் போறதும் இல்ல. மொத ரெண்டு மூணு நாள் தூக்கமா இருக்கும், குமட்டும், அப்புறம் அடங்கிடும். அடங்காதது மலச்சிக்கல் ஒண்ணு தான். அதுக்கு மாத்திரை கூடவே எழுதியிருப்பாங்க, மலம் இளகிப் போறதுக்கு, அதை விட்டுடாதீங்க. எங்ககிட்ட வர்றதுல பாதிப் பேரு வயிறு கட்டி அந்த அவஸ்தையில மார்பினையே நிறுத்திட்டு வர்றாங்க. எப்பவும் அசந்து தூங்கினாலோ, எழுப்பினா எழுந்துக்கலன்னாலோ, சிறுநீர் ரொம்ப குறைஞ்சாலோ உடனே போன் பண்ணுங்க.

எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை ரேடியேஷன், கதிர் அளவை 8 கிரே (Gy) அப்டின்னு சொல்வாங்க, வலி குறையறதுக்கு பத்து தடவை குடுக்குறதுக்கு சமமா அது வேலை செய்யும்னு நிறைய ஆராய்ச்சில வந்திருக்கு. தினம் அலைய வேணாம். ஓபில கேளுங்க.

வியாசர்பாடி பொண்ணு:
அண்ணா சேர்ல உக்காந்து தூங்குறாருன்னு படிச்சதும் எங்க நைனா ஞாபகம் வந்துடுச்சு. நாங்க சிலிண்டருக்கு ரொம்ப செலவு பண்ணோம், பெரிய வித்தியாசம் தெரியல. அப்புறம் ஒரு சிஸ்டர் சொன்னாங்க, சின்ன பேட்டரி ஃபேன கையில குடுத்து மூக்கு கன்னம் மேல காத்து படற மாதிரி பிடிக்கச் சொல்லுன்னு. ஜன்னல் பக்கம் சேரை திருப்பிப் போட்டு அத பிடிச்சுகிட்டா அஞ்சு நிமிஷத்துல தோள் எறங்கும், அதுவரைக்கும் ரெண்டு தோளும் காது வரைக்கும் தூக்கிட்டு இருப்பாரு.

சொல்லணுமான்னு கேட்டீங்கல்ல. நாங்க கடைசி வரைக்கும் சொல்லல. நைனா போனப்புறம் அவரோட சீட்டுக் கணக்கு நோட்ட எடுத்துப் பாத்தோம், யாருக்கு எவ்ளோ குடுக்கணும், தங்கச்சி கம்மல் எங்க அடகுல இருக்கு எல்லாம் எழுதி வச்சிருந்தாரு. தேதி பாத்தா மொத கீமோவுக்கு மறுநாள். அஞ்சு மாசம் அவரு எங்ககிட்ட மறைச்சாரு, நாங்க அவர்கிட்ட மறைச்சோம்.

பெரம்பூர் டாக்டர்:
ஃபேன் விஷயம் சரி தான், முகத்துல காத்து படும்போது அங்க இருக்கிற நரம்பு வழியா மூளைக்கு மூச்சுத் திணறல் குறைஞ்ச மாதிரி சேதி போகுது. 2010ல லான்செட்ன்ற மருத்துவப் பத்திரிகைல வந்த ஆராய்ச்சில, ரத்தத்துல ஆக்சிஜன் ரொம்பக் குறையாதவங்க 239 பேருல பாதிப் பேருக்கு மூக்கு வழியா ஆக்சிஜனும் மீதிப் பேருக்கு சாதா காத்தும் குடுத்துப் பாத்தாங்க, ரெண்டுத்துலயும் ஒரே அளவு தான் நிம்மதி. அதனால விரல்ல ஆக்சிமீட்டர் வச்சுப் பாத்துட்டு டாக்டர் சொன்னா மட்டும் சிலிண்டர் எடுங்க. நெஞ்சுல தண்ணி கோத்திருக்கா, ரத்தம் குறைவான்னும் பாக்கச் சொல்லுங்க, அதெல்லாம் சரி பண்ணக்கூடியது.

எண்ணூர் ரோடு கன்டெய்னர் லாரி நெரிசல்ல ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுல கூட்டிட்டுப் போறது பெரிய தண்டனை. 2024ல அமெரிக்காவுல 22 சென்டர்ல 1,250 நுரையீரல் கேன்சர் நோயாளிங்களுக்கு வீடியோலயும் நேர்லயும் பேலியேட்டிவ் ஆலோசனை குடுத்து ஒப்பிட்டாங்க, ரெண்டும் சமம்னு வந்திருக்கு. மொத தடவை நேர்ல போயிட்டு, அடுத்ததெல்லாம் போன்ல முடியுமான்னு கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவம்னு அரசாங்கத் திட்டம் 2021ல ஆரம்பிச்சாங்களே, அது பிபி சுகர் மாத்திரை மட்டும் இல்ல, வீட்டுக்கு வந்து பாக்குற பேலியேட்டிவ் நர்ஸும் அதுல உண்டு, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க.

சொல்றது பத்தி, போட்டு உடைக்காதீங்க. உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்கப்பான்னு ஒரு கேள்வி கேட்டுட்டு சும்மா இருங்க. கீமோ வார்டுல மூணு தடவை உக்காந்தவரு கண்ணுல போர்டு படாமலா இருக்கும். அப்புறம் அம்மா. ராத்திரி ஷிப்ட் போடுங்க, ஒரு நாள் நீங்க, ஒரு நாள் அத்தை. நோயாளியப் பாத்துக்கிறவங்களுக்கு ஆரம்பத்துலயே நர்ஸ் போன் பண்ணி பேசினா அவங்க மனச்சோர்வு குறையுதுன்னு தனியா ஆராய்ச்சியே இருக்கு. ஓபிக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க தூங்கலன்றதையும் சொல்லுங்க.

காசிமேடு பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முந்தா நாள்ல இருந்து சீட்டுல இருக்கிறபடி மணி பாத்து குடுக்குறேன், போன்ல அலாரம் வச்சிருக்கேன். நேத்து ராத்திரி மூணு தலகாணி வச்சு கட்டில்லயே சாஞ்சு படுத்தாரு, ரெண்டு மணி வரைக்கும் தூங்கினாரு, அம்மாவும் தூங்குச்சு. ஃபேனும் வாங்கிட்டேன்.

பத்து மணி மாத்திரை குடுக்கும்போது, எலும்புல இருக்கிறதுக்கும் இதே மாத்திரை தானாடான்னு கேட்டாரு. எலும்புன்னு நாங்க யாரும் அவர்கிட்ட சொன்னதே இல்ல. ஆமாப்பான்னேன், தலைய ஆட்டிட்டு தண்ணி குடிச்சாரு. புதன்கிழமை ஓபிக்குப் போறோம், அத்தையும் வர்றேன்னுச்சு.