தென்னாப்பிரிக்கா ஜனங்க எல்லாருமே பாலஸ்தீனம் பக்கமா?

கதிர்78:
ஒரு டவுட்டு. 2023 டிசம்பர் 29ல தென்னாப்பிரிக்கா காசா விஷயமா இஸ்ரேல் மேல ஹேக்ல இருக்குற சர்வதேச கோர்ட்ல கேஸ் போட்டுச்சுல்ல, அங்க சாதாரண ஜனங்களும் அப்படித்தான் நினைக்கிறாங்களா, இல்ல கவர்ன்மெண்ட் மட்டும்தானா? ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி நடக்குற சண்டை, இவங்களுக்கு என்ன வந்துச்சு?

கேப்வாசி:
நான் கேப் டவுன்லதான் இருக்கேன். போ-காப் பக்கம் போனா மலாய் முஸ்லிம் வீடுங்க, பச்சை மஞ்சள்னு சுவரு, அதுலயே பாலஸ்தீனக் கொடி வரைஞ்சிருப்பாங்க. அங்கருந்து கொஞ்ச தூரம் சீ பாயிண்ட், யூதர்கள் நெறைய இருக்குற ஏரியா, பேச்சே வேற. எங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் பெந்தெகொஸ்தே சபை, பைபிளைத் தொறந்து வச்சுக்கிட்டு "இஸ்ரேலை ஆசீர்வதிக்கறவன் ஆசீர்வதிக்கப்படுவான்"னு எனக்கே க்ளாஸ் எடுத்தாரு.

பழையபேப்பர்:
என்ன வந்துச்சுன்னு கேட்டா, பழைய கணக்கு இருக்கு தம்பி. 1976ல தென்னாப்பிரிக்கா நிறவெறி அரசோட பிரதமர் வோர்ஸ்டரை இஸ்ரேல் கூப்பிட்டு வரவேற்பு குடுத்துச்சு, ஆயுத உறவும் இருந்துச்சு. அந்தப் பக்கம் பாலஸ்தீனத் தலைவர் அராபத்தும், நிறவெறியை எதிர்த்துப் போராடுன மண்டேலா கட்சி ஏ.என்.சி.யும் (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) தோஸ்து, மண்டேலா 1990 பிப்ரவரில ஜெயில்லருந்து வெளிய வந்து அதே மாசம் ஜாம்பியா நாட்டு லுசாகால அராபத்தைக் கட்டிப் புடிச்சாரு. வயசானவங்களுக்கு இது தூரத்து சண்டையே இல்ல.

சும்மாராஜா:
அதெல்லாம் சரி, ஓட்டு விழுந்துச்சா? 2019ல 57.5 சதவீதம் வாங்கி ஆட்சில இருந்த ஏ.என்.சி., கேஸ் போட்டு அஞ்சு மாசத்துல வந்த 2024 தேர்தல்ல 40க்கு எறங்கிடுச்சு. கரண்ட் கட்டு, வேலை இல்ல, ஊழல், ஜனங்க பாத்தது அதைத்தான். பார்லிமெண்ட்லயே 2023 நவம்பர்ல இஸ்ரேல் எம்பசியை மூடணும்னு தீர்மானம் வந்தப்ப 248 ஆதரவு, 91 எதிர்ப்பு. ஒரே குரல்னு எப்பவுமே இருந்ததில்ல.

கேப்வாசி:
ராஜா சொல்றது ஓரளவுக்குதான் கரெக்ட். ஓட்டு விழலங்கறதால அக்கறை இல்லன்னு ஆயிடுமா? எங்க ஆபிஸ்ல ஏ.என்.சி.யை மூச்சுக்கு மூச்சு திட்டுற ஆளு ஒருத்தர், ஹேக்ல நம்ம வக்கீலுங்க பேசுன அன்னிக்கு மட்டும் மீட்டிங்கை தள்ளி வச்சுட்டு போன்ல லைவ் பாத்துட்டு இருந்தாரு, மறுநாள் வழக்கம்போல திட்டு.

கதிர்78:
அப்ப கேஸ் போட்டுட்டு வியாபாரத்தை நிறுத்திட்டாங்களா?

சும்மாராஜா:
எங்க, 2024லயும் இங்கருந்து அங்க நிலக்கரி போச்சு, அதை நிறுத்துன்னு இங்கயே கொடி புடிச்சாங்க 😄