பழைய பிக்கப்பில் படகு டிரெய்லர் இழுக்க எந்த வண்டி, கொக்கி எப்படி?

முதுநகர்க்காரன்:
வணக்கம். 20 அடி ஃபைபர் படகை டிரெய்லரில் ஏற்றி கடலூர் முதுநகருக்கும் பாண்டி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கும் இடையே கொண்டுபோய் வரணும். படகு, அவுட்போர்டு எஞ்சின், வலை எல்லாம் சேர்த்து 850 கிலோ, டிரெய்லர் 300 கிலோ இருக்கும்னு கணக்கு. டிரெய்லரில் பிரேக் கிடையாது. பார்த்து வைத்தது இரண்டு வண்டி. பாண்டியில் 2017 இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், பிஒய் 01 நம்பர். கடலூரில் மஹிந்திரா பொலேரோ கேம்பர், மஞ்சள் போர்டு, விலை ஏறக்குறைய பாதி. எதை எடுக்கலாம்? கொக்கியை பம்பரிலேயே வெல்டிங் வைத்தால் போதும் என்கிறார்கள் பட்டறையில். சரிதானா?

கெடிலக்கரை:
சார், "இருக்கும்னு கணக்கு" என்பதை முதலில் விடுங்க. படகோடு டிரெய்லரை எடை மேடைக்குக் கொண்டுபோங்க. இரண்டு தடவை நிறுத்தணும். முதலில் டிரெய்லரைக் கழற்றித் தனியாக மேடையில் வைத்து முழு எடை. அடுத்து வண்டியில் மாட்டி, வண்டி மேடைக்கு வெளியே, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கி மேல் இறங்கும் எடை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வரணும். உங்க 1,150 கிலோவுக்கு 115 கிலோ. ரொம்பக் குறைந்தால் வேகம் பிடிக்கும்போது டிரெய்லர் வாலாட்டும். கூடினால் வண்டியின் பின்பக்கம் உட்காரும். படகை டிரெய்லரில் முன்னே பின்னே நகர்த்தித்தான் சரிசெய்யணும், கல் மூட்டை வைத்து அல்ல.

வண்டிக்கு வருவோம். வி-கிராஸ் 2.5 லிட்டர் எஞ்சின், 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (டார்க்). கேம்பருக்கு 200 பக்கம்தான். சமதரையில் கேம்பரும் இழுக்கும். பாலம் ஏறும்போதும் படகுத்துறைச் சரிவில் மேலேற்றும்போதும்தான் கிளட்ச் தீயும். அதோடு மஞ்சள் போர்டுக்கு எஃப்சி (தகுதிச் சான்று) செலவு வேற. என் ஓட்டு வி-கிராஸுக்கு. ஆனால் வெளிநாட்டு டி-மேக்ஸ் 3,500 கிலோ இழுக்கும் வீடியோவைப் பார்த்து ஏமாறாதீங்க. அது வேற எஞ்சின், பிரேக் உள்ள டிரெய்லர். கையேட்டில் இழுவை எடை போட்டிருந்தால் அதுதான் உங்க எல்லை.

பாண்டி வண்டி என்பதால் ஒரு சோதனை கட்டாயம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது அங்கே எத்தனையோ வண்டி தண்ணீரில் நின்றது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க, சேற்றுக்கோடு இருந்தால் தெரியும். சீட் ரெயில் போல்ட்டில் துரு, கார்ப்பெட் அடியில் வண்டல், டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்த நிறம், இதில் ஒன்று இருந்தாலும் கைகுலுக்கிட்டு வந்துடுங்க. விலை குறைத்தாலும் வேண்டாம், ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) கனெக்டர் பச்சை பிடித்தால் எந்த வொயரில் பிரச்சினைன்னு தேடியே மாளாது.

சேசிஸை (வண்டியின் அடிச்சட்டம்) ஸ்குரூடிரைவர் முனையால் தட்டிப் பாருங்க. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே, பின் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஷாக்கிள் மாட்டும் இடம், ஸ்டெப்னிக்கு மேலே. உப்புக்காற்று முதலில் அங்கேதான் தின்னும். அடியில் புதுசாகக் கறுப்பு பெயிண்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்க. கிளட்சுக்கு நாலாவது கியரில் 40-இல் போய் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிங்க. ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா டிஸ்க் போச்சு.

பேப்பர்: பாண்டி ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று, படிவம் 28), பெயர் மாற்றத்துக்கு 29, 30, லோன் இருந்தால் வங்கியின் 35. வண்டியின் வயதுக்கேற்ற தமிழ்நாட்டு வரியைக் கட்டி டிஎன் நம்பர் வாங்கணும், அந்தச் செலவை விலை பேசும்போதே கழிங்க. டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேணும், இன்சூரன்ஸிலும் அதைச் சேர்க்கணும்.

லேத்_வாசல்:
பம்பர் வெல்டிங் கதையே வேண்டாம் தம்பி. பம்பர் பிராக்கெட் மெல்லிசுத் தகடு. ஒவ்வொரு பள்ளத்திலும் கொக்கி மேலும் கீழும் இழுத்து, வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும்.

அதுக்குப் பதில் சேசிஸில் போல்ட் போட்டு மாட்டுற குறுக்குக் குழாய், இரண்டு பக்கமும் 8 மி.மீ. தகடு. பக்கத்துக்குக் குறைந்தது மூன்று எம்12 போல்ட், 8.8 கிரேடு, நைலாக் (அதிர்வில் இளகாத) நட்டு. ஓட்டை போடுவது சேசிஸின் செங்குத்தான பக்கத்தில் மட்டும். மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ துளைத்தால் அங்கிருந்துதான் முறியும். பெட்டி வடிவச் சேசிஸ் என்றால் உள்ளே குழாய் ஸ்லீவ் வையுங்க. இல்லைன்னா முறுக்க முறுக்கத் தகடு உள்வாங்கும், போல்ட் இளகிட்டே போகும். 500 கி.மீ. ஓடினதும் மறுபடி முறுக்கணும்.

கொக்கியின் உருண்டை 50 மி.மீ.யா, 2 அங்குலமா என்று காலிப்பர் வைத்து அளங்க. 2 அங்குலம் என்பது 50.8. 50 மி.மீ. உருண்டையில் 2 அங்குலக் கப்ளர் (உருண்டையைக் கவ்வும் டிரெய்லர் முனை) மாட்டின மாதிரியே தெரியும், குழியில் குதிக்கும்போது கழன்றுடும்.

முதுநகர்க்காரன்:
நன்றி அண்ணா. பின்னாடி உட்காராமல் இருக்க இரண்டு கமான் பட்டை கூட்டிடலாமா? தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் படகை நேரா இறக்கலாமா?

லேத்_வாசல்:
பட்டை கூட்டினாலும் ஆர்சியில் உள்ள எடை வரம்பு உயராது. வி-கிராஸில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் 3.1 மீட்டர் தூரம். கொக்கி பின் ஆக்சிலிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருந்தால், 115 கிலோ வைத்ததும் பின் ஆக்சிலில் 160 கிலோ ஏறும், முன் ஆக்சிலில் 45 கிலோ குறையும். அதனால்தான் ஹெட்லைட் எதிரே வருபவன் கண்ணில் அடிக்குது, ஸ்டியரிங் லேசாகுது. முதலில் படகின் இடத்தைச் சரிசெய்யுங்க. அதற்கப்புறமும் உட்கார்ந்தால் ஒரே ஒரு பட்டை, புது யூ-போல்ட், புது சென்டர் போல்ட்.

பட்டையைவிட டிரெய்லருக்குப் பிரேக் முக்கியம். 1,150 கிலோ பின்னால் தள்ளும்போது வண்டியின் பிரேக் மட்டும் போதாது. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அனுமதியே இல்லை. டிரெய்லர் வண்டியை முட்டும்போது தானாகப் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் வையுங்க. ரிவர்ஸில் பிடிக்காமலிருக்க லாக் உள்ளதா பாருங்க.

கெடிலக்கரை:
மணலுக்கு டிராக்டர்தான் சார், கரையோரம் எல்லாரும் அதைத்தானே வைத்திருக்காங்க. பிக்கப்பை ரோட்டோடு நிறுத்துங்க. கட்டின சாய்தளம் இருந்தால் மட்டும் ஃபோர்-வீல் லோ கியரில் இறக்கலாம்.

தண்ணீரில் இறக்குமுன் அரைமணி நேரம் ஆறவிடுங்க. சூடான ஹப் தண்ணீரில் பட்டதும் உள்ளே காற்று சுருங்கி உப்புத்தண்ணீரை பேரிங்குக்குள் உறிஞ்சும். வண்டியின் பின் ஆக்சில் பிரீதருக்கும் (காற்றுத் துளை) அதே கதைதான், ரப்பர் டியூப் போட்டுத் தொட்டி உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்க. லைட் பிளக்கைக் கழற்றி வையுங்க. ஏழு பின் சாக்கெட்டில் 1 இடது இண்டிகேட்டர், 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது பார்க்கிங், 6 பிரேக், 7 இடது பார்க்கிங். எர்த்தை டிரெய்லர் சட்டத்தை நம்பி விடாமல் தனி வொயரில் கொண்டுவாங்க. கொக்கி துரு பிடித்தால் ஒரு இண்டிகேட்டருக்குப் பதில் எல்லா லைட்டும் மினுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பிரேக் டிரம்முக்குள்ளும் நல்ல தண்ணீர் அடிங்க. சங்கிலி இரண்டு, கொக்கிக்கு அடியில் குறுக்கே மாட்டணும். கப்ளர் கழன்றாலும் ஏர்க்கால் (டிரெய்லரின் முன் தண்டு) தரையில் குத்தாமல் சங்கிலி மேலேயே விழும்.