மேக்ரோபேஜ் ஆராய்ச்சியில் காலம் தள்ள முடியுமா?

பட்டர்வொர்த்_பையன்:
வணக்கம். பினாங்கில் பயோமெடிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். முதுகலைக்கு என்னை எடுத்துக்கொள்ள ஒரு டாக்டர் தயாராக இருக்கிறார். தலைப்பு: மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயின் கிருமி, கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்லான மேக்ரோபேஜிடம் எப்படித் தப்பிக்கிறது. எனக்கு ஆசைதான். பிராயில் லாரி ஓட்டும் அப்பா, "ஒரு செல்லையே பாத்துக்கிட்டு எத்தனை வருசம் ஓட்டுவ?" என்கிறார். இந்தத் துறையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கெலுகோர்_அக்கா:
தம்பி, நான் ஓட்டிவிட்டேன். போன வருசம்தான் ஓய்வு. அப்பா கேட்டது நியாயமான கேள்வி.

முதலில் வேலை எப்படி என்று சொல்கிறேன். எலியின் தொடை எலும்பு மஜ்ஜையை எடுத்து, எல்929 என்ற எலிச் செல்கள் வளர்ந்த ஊடகத்தைக் கலந்து ஒரு வாரம் வளர்த்தால் மேக்ரோபேஜ் கிடைக்கும். தட்டில் அப்பிக்கொண்டால் லேசில் வராது. ஐஸில் வைத்த பஃபரை ஊற்றி, நோகாமல் சுரண்டி எடுக்க வேண்டும். பெரிய தலைவலி எண்டோடாக்சின், அதாவது சில பாக்டீரியாக்களின் உறையிலிருந்து வரும் நச்சு. நீ சேர்க்கும் மருந்தில் துளி கலந்திருந்தாலும் போதும், செல் முழித்துக்கொண்டு டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கும். 'நம்ம மூலிகை வேலை செய்யுது!' என்று குதித்த மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் சேரும் முன் அந்த டாக்டரிடம் கேள்: எண்டோடாக்சின் சோதனை செய்கிறீர்களா? மழுப்பினால் வேறு இடம் பார்.

அப்புறம், 'ஒரே செல்' என்பது. கல்லீரலில் குப்ஃபர் செல், மூளையில் மைக்ரோகிளியா, நுரையீரலில் வேறொன்று. எல்லாம் மேக்ரோபேஜ்தான், ஆனால் இருக்கும் இடத்துக்கு ஏற்றபடி குணம் மாறும். ரஷ்ய விஞ்ஞானி மெக்னிகோஃப் 1882இல் இத்தாலியின் மெசினாவில் நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றிச் செல்கள் கூடியிருந்ததைப் பார்த்தார். 1908இல் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதோடு கதை முடியவில்லை. எங்கள் காலத்தில் எல்லா மேக்ரோபேஜும் ரத்தத்தில் ஓடும் மோனோசைட் என்ற வெள்ளை அணுவிலிருந்து வருகிறது என்று எழுதித்தான் மார்க் வாங்கினோம். 2010இல் ஜின்ஹூ என்ற விஞ்ஞானியின் குழு, எலி மூளையின் மைக்ரோகிளியா கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்தே வந்து குடியேறுகிறது என்று காட்டியது. அவர் பிறகு பல காலம் பக்கத்திலே சிங்கப்பூரில்தான் ஆய்வுக்கூடம் நடத்தினார். மேக்ரோபேஜை எம்1 (அழற்சியைத் தூண்டுவது), எம்2 (அழற்சியை ஆற்றுவது) என்று இரண்டாகப் பிரிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது, தட்டுக்கு வெளியே செல்கள் அப்படிச் சுத்தமாகப் பிரிவதில்லை.

உன் தலைப்பு நம்ம பக்கத்துத் தலைப்பு, தம்பி. 1911இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும் இந்த நோயைக் கண்டார்கள். 1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐஎம்ஆரில் முயலும் கினிப்பன்றியும் செத்தபோது அங்கேயும் இதே கிருமி. மெலியோய்டோசிஸ் என்று 1921இல் பெயர் வைத்தவர்கள் அங்கிருந்த ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும்தான். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமி, இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். நம்ம ஆட்களிடம் இனிப்புநீர் எவ்வளவு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாதாரணக் கிருமியை மேக்ரோபேஜ் விழுங்கி, பைக்குள் அடைத்து, செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோமோடு சேர்த்துச் செரித்துவிடும். மெலியோய்டோசிஸ் கிருமியோ பையை உடைத்து வெளியே வந்து, செல்லின் ஆக்டின் என்ற இழைப் புரதத்தையே வால்போலப் பிடித்துக்கொண்டு ஓடும். பக்கத்துச் செல்களை ஒட்டவைத்து ஒரே பெரிய செல்லாக்கும். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த அன்று எனக்குப் பசியாறவே தோன்றவில்லை.

சம்பளம் வேறு கதை. ஒப்பந்த வேலை, மானியம் தீர்ந்தால் நீயும் வெளியே. எனக்கு நிரந்தர வேலை வந்தபோது மகள் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்துவிட்டாள்.

பாயான்லெப்பாஸ்_கவின்:
அக்கா சொன்ன எண்டோடாக்சின்தான் எனக்குச் சோறு போடுது. செல் கல்ச்சர்ல முதுகலை முடிச்சு, இப்ப மருத்துவக் கருவி கம்பெனில தரச் சோதனை. எண்டோடாக்சின் இருக்கான்னு குதிரைலாட நண்டு ரத்தத்துல செய்யற எல்ஏஎல் டெஸ்ட்தான் என் வேலை. அந்த நண்டு, நம்ம ஊர்க் கடலோரத்து பெலாங்காஸோட சொந்தக்காரன்தான். இன்டர்வியூல யாரும் தலைப்பு கேக்கல ப்ரோ. செல்லை ஒவ்வொண்ணா அளந்து எண்ணற ஃப்ளோ சைட்டோமீட்டர தனியா ஓட்டுவியா, புரதத்த அளக்கற எலைசா டெஸ்ட் தெரியுமான்னுதான் கேட்டாங்க. ரெண்டையும் கத்துக்கிட்டு வெளிய வா.

பட்டர்வொர்த்_பையன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. டாக்டரிடம் கேட்டேன். எண்டோடாக்சின் சோதனை உண்டாம். தாய்லாந்தென்சிஸ் கிருமியை வைத்து ஆரம்பிக்கலாம் என்கிறார். இது சரியா, இல்லை என்னை ஏமாற்றுகிறாரா?

கெலுகோர்_அக்கா:
ஏமாற்றவில்லை. அது நோய்க் கிருமியின் நெருங்கிய உறவு, மனிதரை அநேகமாக ஒன்றும் செய்யாது, செல்களை ஒட்டவைக்கும் வித்தை அதற்கும் தெரியும். அசல் கிருமிக்கு மூன்றாம் நிலைப் பாதுகாப்புக்கூடம் வேண்டும், புதிதாக வந்த பையனை முதல் நாளே அங்கே விடுகிறவர்தான் சரியில்லாதவர். மானியம் எந்த மாதம் முடிகிறது என்று கேட்டாயா? அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்பாவிடம் பேசு.