உதவி: முடிவு வெளியானதும் தளம் படுத்துவிடுகிறது (அவசரம்)

கரிசல்காற்று:
கல்லூரித் தேர்வு முடிவுத் தளம். முடிவு வெளியான நிமிடமே எல்லோரும் ஒன்றாக வந்து விழுகிறார்கள். சிலருக்கு 502 பிழை (பின்னால் ஓடும் நிரலிடமிருந்து சரியான பதில் இல்லை), சிலருக்கு 504 (பதிலுக்கான நேரம் கடந்துவிட்டது). வொர்க்கர் கனெக்‌ஷன்ஸை (ஒரு வொர்க்கர் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகள்) 10,000 ஆக்கியும் பலனில்லை. நாளைக் காலை அடுத்த முடிவு. இன்னும் எந்த எண்ணை ஏற்ற வேண்டும்?

நத்தைக்கூடு:
எந்த சர்வர்? பின்னால் ஓடுவது பிஎச்பியா, வேறா? ராம் எவ்வளவு? எரர் லாக்கில் என்ன இருக்கிறது?

மின்மினி72:
திறந்த கோப்புகளின் வரம்புதான், சந்தேகமே வேண்டாம். லினக்ஸில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு கோப்பு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். வழக்கமான வரம்பு 1024. லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் 65535 என்று போடுங்கள்.

மூத்த நிர்வாகி:
சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை இயக்கும் நிரல்) தொடங்கும் சேவைகளை லிமிட்ஸ்.கான்ஃப் தொடவே தொடாது. இது பாலபாடம். சேவைக் கோப்பில் லிமிட்நோஃபைல் எழுத வேண்டும். ஆவணத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் எண்ணை ஏற்றுகிறவர்களுக்கு சர்வர் எதற்கு?

நத்தைக்கூடு:
கோப்பு வரம்பு என்றால் லாக்கில் ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று வந்திருக்கும். அதனால்தான் லாக்கைக் கேட்கிறேன்.

தாழம்பூ:
சர்வர் மென்பொருள் அப்பாச்சி என்றால் முதலில் அதைத் தூக்குங்கள். ஓர் இணைப்புக்கு ஒரு ப்ராசஸ் என்று நினைவகத்தைத் தின்றுவிடும்.

மூத்த நிர்வாகி:
அது ப்ரீஃபோர்க் என்ற பழைய முறை. ஒரே ப்ராசஸ் பல இணைப்புகளைக் கவனிக்கும் ஈவென்ட் எம்பிஎம் முறை 2012இல் வந்த 2.4 பதிப்பிலேயே நிலைபெற்றுவிட்டது. நிரலாளர் டான் கெகல் 1999இல், ஒரே சர்வர் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்ற சிக்கலைப் பற்றி எழுதிய காலத்து அப்பாச்சியைத்தான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

தாழம்பூ:
உபுண்டுவில் மாட்-பிஎச்பி (அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பியை ஓட்டும் தொகுதி) நிறுவிப் பாருங்கள், ஐயா. இன்றைக்கும் ப்ரீஃபோர்க்தான் வந்து உட்காரும். நான் திட்டுவது அதை.

கரிசல்காற்று:
உபுண்டு, என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி ப்ராசஸ்களை நடத்துவது), ராம் 4 ஜிபி. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் அதே சர்வரில். லாக்கில் யூனிக்ஸ் சாக்கெட் (என்ஜின்எக்ஸ் பிஎச்பியோடு பேசும் வழி) பெயர் வந்து, ‘11: ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்’ என்று வரிசையாக இருக்கிறது.

நத்தைக்கூடு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வாசலை அகலப்படுத்திவிட்டீர்கள், பந்தியில் பரிமாற ஆள் இல்லை. எஃப்பிஎம் பூல் கோப்பில் பிஎம்.மேக்ஸ் சில்ரன் (பிஎச்பி ப்ராசஸ்களின் உச்ச எண்ணிக்கை) எவ்வளவு? நீங்கள் தொடாமல் விட்டிருந்தால் 5 என்றுதான் இருக்கும். அதாவது, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குத்தான் பக்கம் தயாராகும். மற்றவர்கள் சாக்கெட் வரிசையில். வரிசை நிரம்பினால் 502, காத்திருந்து 60 வினாடி கடந்தால் 504. எஃப்பிஎம் லாக்கிலும் இதற்கான எச்சரிக்கை கிடக்கும், பாருங்கள்.

ஒரு ப்ராசஸ் எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்று பிஎஸ் கட்டளையில் பாருங்கள். 60 எம்பி என்றால் மைஎஸ்க்யூஎல்லுக்கும் மற்றவற்றுக்கும் 2 ஜிபி விட்டுவிட்டு 30 வைக்கலாம். 200 என்று ஏற்றிவிடாதீர்கள். ஸ்வாப் (ராம் போதாமல் வட்டை நினைவகமாகப் பயன்படுத்துவது) தொடங்கிவிடும், அமைப்பை மாற்றாவிட்டால் மைஎஸ்க்யூஎல்லும் 151 இணைப்புக்கு மேல் வாங்காது.

மின்மினி72:
எதற்கும் கோப்பு வரம்பையும் ஏற்றிவிடுங்கள்.

தாழம்பூ:
முடிவு வந்த பிறகு மாறப் போவதில்லையே. பதிவெண் வாரியாக முன்பே எச்டிஎம்எல் கோப்புகளாக எழுதி வைத்தால் பிஎச்பியே வேண்டாம். என்ஜின்எக்ஸ் ஊதித் தள்ளிவிடும்.

மூத்த நிர்வாகி:
பதிவெண்ணை மாற்றி மாற்றி அடித்து ஊரார் மதிப்பெண் முழுவதையும் எடுத்துக்கொள்ளவா? பிறந்த தேதியை யார் சரிபார்ப்பது?

தாழம்பூ:
கோப்பின் பெயரில் பதிவெண்ணோடு ஓர் இரகசியச் சாவியையும் பிறந்த தேதியையும் சேர்த்து ஹாஷ் (ஊகிக்க முடியாத குறியீடு) போடலாம்.

மூத்த நிர்வாகி:
சாவி சர்வரில் இருந்தால் ஹாஷைப் போடப் போவது யார்? மறுபடி பிஎச்பிதானே!

கரிசல்காற்று:
5தான் இருந்தது. 30 ஆக்கினேன், 502 நின்றுவிட்டது. நன்றி.

நத்தைக்கூடு:
504? ஸ்லோ க்வெரி லாக் (மெதுவாக ஓடும் தரவுத்தளக் கேள்விகளின் பதிவு) பார்த்தீர்களா? பதிவெண் பத்தியில் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற பட்டியல்) இருக்கிறதா?