மறு: சாமுராய் சுடோகு – இரண்டு கட்டத்துக்கும் பொதுவான பெட்டிக்கு என்ன சொல்?

> 'மேற்பொருந்து பெட்டி' என்று வைக்கலாமா?

வேண்டாம் அக்கா. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி தொனிக்கிறது. சாமுராயில் ஐந்து 9×9 சுடோகு கட்டங்கள்; நடுக்கட்டத்தின் நான்கு மூலைப் பெட்டிகளும் (பெட்டி என்றால் 3×3 அறைகள்) சுற்றியுள்ள நான்கு கட்டங்களுக்கும் ஆளுக்கொரு மூலைப் பெட்டி. அப்படிப்பட்ட பெட்டியின் ஒன்பது அறைகளும் இரண்டு கட்டத்துக்குமே சொந்தம். அதனால்தான் ஐந்து கட்டத்துக்கு 405 அறை வர வேண்டிய இடத்தில் 369தான் வருகிறது.

> முழுப் புதிருக்கும் 'ஐங்கட்டச் சுடோகு'?

இதே மாதிரி பதினொரு கட்டம் பிணைந்த ஷோகன் சுடோகு வந்தால் என்ன செய்வீர்கள் தம்பி? 'பிணைகட்டச் சுடோகு' எல்லாவற்றுக்கும் பொருந்தும். சாமுராய் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். சுடோகுவையே நாம் தமிழாக்கவில்லையே.

எனக்கு அவசரம் பெட்டிக்குத்தான். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது அந்த இடத்தில்தான் வாய் திக்குகிறது. நிரை (கிடை வரிசை), நிரலில் (செங்குத்து வரிசை) தகராறு இல்லை. (பால்மரக் காட்டில் நிரை பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதை விளக்கவா வேண்டும்!)

என் பரிந்துரை 'சந்திப் பெட்டி'. காரணம் இதுதான். இடது மேல் கட்டத்தின் சந்திப் பெட்டியில் 7 அதன் முதல் நிரையில் மட்டுமே வர முடியும் என்று வையுங்கள். அந்த நிரைதான் நடுக்கட்டத்துக்கும் முதல் நிரை. ஆகவே நடுக்கட்டத்தின் முதல் நிரையில் வேறெங்கும் 7 வராது. அந்த நிரையின் மறுகோடியில் இருப்பது வலது மேல் கட்டத்தின் சந்திப் பெட்டி; அங்கேயும் மூன்று அறைகளில் 7 அடிபட்டுப் போகிறது. ஒன்றையொன்று தொடாத இரண்டு கட்டங்களுக்கு இடையே சேதி போய்விட்டது! சந்தி என்றால் இந்தப் போக்குவரத்தும் சேர்ந்து புரிகிறது.

ஆனால் நிரை முழுப் புதிரின் அகலமான 21 அறைக்கும் நீளாது; ஒவ்வொரு கட்டத்தின் ஒன்பதோடு நின்றுவிடும். புதிதாகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

> 'பொதுப் பெட்டி' போதுமே ஐயா? சந்தி என்றால் இலக்கணம் நினைவுக்கு வருகிறது.

வரட்டுமே, அங்கேயும் இரண்டு சேருகிற இடம்தானே. 'பொதுப் பெட்டி' என்றால் எனக்குப் புகார்ப் பெட்டிதான் தோன்றுகிறது. தவிர, அங்கே ஓர் எண் பிசகினால் இரண்டு கட்டமும் சந்தி சிரிக்கும்.

சீக்கிரம் முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் இப்போதே அதைச் 'சிம்பாங்' (மலாயில் சாலைச் சந்திப்பு) என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.